கொத்தனாரின் ஜாமீனும் பிரதமரின் தடை மனுவும்: நீதிபதி கிருஷ்ணய்யர் வழியே குடிமை உரிமைகள் – ஓர் அறிமுகம்

குடிமை உரிமைகள் எவை என்று கேட்டால் பள்ளிப் பாடப்புத்தகம் ஒரு பட்டியல் தரும். பேச்சுரிமை, சமத்துவம், உயிர் வாழும் உரிமை, தனிமனித சுதந்திரம் என்று அது நீளும். பட்டியலில் தவறில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு ஏதாவது ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குள் போய் உட்கார்ந்து பாருங்கள். இந்தச் சொற்கள் காதில் விழுவதே அபூர்வம். ஜாமீன் எவ்வளவு, ஜாமீன்தாரர் வந்திருக்கிறாரா, வீட்டு வரி ரசீது எங்கே, வக்கீல் யார், அடுத்த வாய்தா எப்போது என்றுதான் பேச்சு ஓடும். கைதாகி நிற்கும் ஒருவருடைய சுதந்திரம் அந்த நேரத்தில் இந்தச் சில்லறைக் கேள்விகளுக்குள்தான் சிக்கியிருக்கிறது.

இதை அடிவரை புரிந்துகொண்ட நீதிபதி ஒருவர் 1973 முதல் 1980 வரை இந்திய உச்ச நீதிமன்றத்தில் இருந்தார். வி.ஆர். கிருஷ்ணய்யர். அவர் நீதிபதி ஆவதற்கு முன் அரசியல்வாதி. சட்டமன்ற உறுப்பினர், அமைச்சர். அதற்கும் முன்பு, ஒரு மாதம் சிறைக்குள் இருந்தவர். குடிமை உரிமை என்ற விஷயத்தைப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு அவருடைய வாழ்க்கையைப் போல நல்ல நுழைவாயில் வேறு இல்லை என்பது என் எண்ணம். காரணம், அவர் தொட்ட வழக்குகள் எல்லாம் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய விஷயங்கள்: ஜாமீன் தொகை, கைவிலங்கு, தீர்ப்பின் நகல், தெருச் சாக்கடை.

முதலில் ஒரு கொத்தனாரின் வழக்கைப் பார்ப்போம்.

மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தவர் மோதி ராம். கொத்து வேலை செய்து பிழைத்தவர். ஒரு குற்ற வழக்கில் அவருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தது. எவ்வளவு தொகைக்கு, என்ன ஏற்பாட்டில் என்பதை மட்டும் கீழே இருந்த தலைமை ஜுடிஷியல் மாஜிஸ்திரேட்டிடம் விட்டது. மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். 1970களின் பத்தாயிரம் அது. கொத்தனாரின் அண்ணன் தம்பி ஒருவர் ஜாமீன் நிற்க முன்வந்தார். அவரையும் ஏற்கவில்லை. காரணம், அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருந்தது. ஆக, நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் 'இவரை வெளியே விடு' என்று சொன்ன பிறகும் அவர் உள்ளேயே இருந்தார்.

இந்த இடத்தில் ஜாமீன் என்றால் என்ன என்று பார்த்துவிடுவது நல்லது. ஒருவர் மேல் குற்றம் சாட்டப்படுகிறது. அது நிரூபிக்கப்படும் வரை சட்டத்தின் கண்ணில் அவர் நிரபராதி. விசாரணை முடிய மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். அதுவரை அவரை எங்கே வைப்பது? உள்ளே வைத்தால், கடைசியில் நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலும் போன நாட்கள் திரும்பி வராது. வெளியே விட்டால், ஓடிவிடுவாரோ, சாட்சியை மிரட்டுவாரோ என்ற கவலை. இந்த இரண்டுக்கும் நடுவே சட்டம் கண்டுபிடித்த ஏற்பாடுதான் ஜாமீன். 'கூப்பிடும்போது வந்து நிற்கிறேன்' என்று அவர் எழுதிக் கொடுக்கிறார், தேவைப்பட்டால் இன்னொருவர் அவருக்காகப் பொறுப்பேற்கிறார், வராவிட்டால் இவ்வளவு தொகை கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்கிறது. இதன் ஒரே நோக்கம் ஆள் விசாரணைக்கு வர வேண்டும் என்பது. தண்டிப்பது அதன் வேலை இல்லை.

சரி, அந்தத் தொகையையும் ஜாமீன்தாரரையும் யாரால் காட்ட முடியும்? சொத்து உள்ளவரால். அதனால் ஒரே குற்றச்சாட்டில் கைதான இரண்டு பேரில் வசதியானவர் மாலையே வீட்டுக்குப் போய்விடுவார், கூலி வேலை செய்பவர் ரிமாண்டில் கிடப்பார். சட்டத்தின் வாசகத்தில் இருவரும் சமம். வித்தியாசத்தை உண்டாக்குவது ஒரு ரசீது.

1978 ஆகஸ்டில் மோதி ராம் வழக்கில் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இதைத்தான் பிடித்துக்கொண்டது. ஒரு மலையாளியோ, கன்னடரோ, தமிழரோ, தெலுங்கரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சவுக்கிலோ கைதானால் அந்த ஊரில் சொத்து வைத்திருக்கும் ஜாமீன்தாரருக்கு அவர் எங்கே போவார் என்று அதில் கேட்டார். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகிற மனிதர்களைப் பற்றிய கேள்வி அது. இன்று திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் வட மாநிலத் தொழிலாளிகளை நினைத்துக்கொண்டு படித்தாலும் அப்படியே பொருந்தும். கடைசியில் மோதி ராமை 1,000 ரூபாய்க்கான சொந்த ஜாமீனில், அதாவது ஜாமீன்தாரர் யாரும் இல்லாமல் அவருடைய கையெழுத்தின் பேரிலேயே, விடும்படி உத்தரவிட்டார்.

அதற்கு முந்தைய வருடம், 1977இல், பால்சந்த் என்பவரின் வழக்கில் அவர் எழுதிய ஒரு வரியை இன்றும் இந்தியாவின் எந்த மூலையிலும் வக்கீல்கள் சொல்லி வாதாடுவார்கள்: ஜாமீன்தான் விதி, சிறை அல்ல. தப்பி ஓடுவார், சாட்சியைக் கலைப்பார், மறுபடி குற்றம் செய்வார் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே ஜாமீனை மறுக்கலாம் என்பது அதன் சாரம்.

பாலக்காட்டிலிருந்து தலசேரிக்கு

இப்படி ஒரு பார்வை அவருக்கு எங்கிருந்து வந்தது? பாலக்காட்டை ஒட்டிய வைத்தியநாதபுரம் என்ற ஊரில் 1915 நவம்பர் 15 அன்று பிறந்தவர் கிருஷ்ணய்யர். தமிழ் பேசும் குடும்பம். அன்றைய மலபார், சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை சட்டக் கல்லூரியிலும் படித்துவிட்டு, 1930களின் கடைசியில் தலசேரியில் தொழில் தொடங்கினார். தந்தை ராம அய்யரும் அங்கே வக்கீல்தான்.

வட மலபார் அப்போது கொதித்துக்கொண்டிருந்த பகுதி. ஜன்மிகள் என்ற நிலவுடைமையாளர்களுக்கும் குத்தகை விவசாயிகளுக்கும் மோதல், கம்யூனிஸ்டுகளின் விவசாயச் சங்கங்கள், அவர்கள் மேல் போலீஸ் வழக்குகள். அந்த வழக்குகளில் விவசாயிகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் அவர் ஆஜரானார். கட்சி உறுப்பினராக இல்லாமலே அந்த வட்டாரத்தில் ஏழைகளின் வக்கீல் என்று பெயர் வாங்கினார். 1948இல் போலீஸ் காவலில் நடந்த சித்திரவதையை எதிர்த்துப் பேசினார். கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று சொல்லி அவரையே பிடித்து உள்ளே போட்டார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் சிறை. உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் சிறைக் கதவை உள்பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. அவருடைய பிற்காலத் தீர்ப்புகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது உதவும்.

1952இல் சுயேச்சையாக நின்று கூத்துப்பறம்பு தொகுதியிலிருந்து சென்னை சட்டமன்றத்துக்குப் போனார். ராஜாஜி முதல்வராக இருந்த அவை அது. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த பிறகு, 1957இல், தலசேரியில் ஜெயித்துக் கேரளச் சட்டமன்றத்துக்கு வந்தார். ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் அமைந்த கம்யூனிஸ்ட் அரசில் சட்டம், சிறைத்துறை, மின்சாரம், பாசனம் உள்ளிட்ட பல துறைகளைக் கவனித்தார். அந்த அரசு வந்த உடனே செய்த முதல் வேலைகளில் ஒன்று, குத்தகை விவசாயிகளை நிலத்திலிருந்து வெளியேற்றுவதற்குத் தடை போட்டது. நிலச் சீர்திருத்தமும் கல்விச் சட்டமும் கிளப்பிய எதிர்ப்பில் 1959 ஜூலை 31 அன்று மத்திய அரசு அந்த அமைச்சரவையைக் கலைத்தது. கிருஷ்ணய்யர் 1965 தேர்தலில் தோற்றபின் தேர்தல் அரசியலிலிருந்து ஒதுங்கி முழு நேர வக்கீல் ஆனார். 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, 1971இல் சட்ட ஆணைய உறுப்பினர், 1973 ஜூலையில் உச்ச நீதிமன்றம்.

அமைச்சராக இருந்தவர் நீதிபதி ஆகலாமா? அன்றே இந்தக் கேள்வி பலமாக எழுந்தது. அவருடைய நியமனத்தை எதிர்த்து வழக்கறிஞர்கள் குரல் கொடுத்தார்கள். அந்தக் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். நீதித்துறை அரசிடமிருந்து விலகி நிற்க வேண்டும் என்பதே குடிமை உரிமைகளின் முதல் காவல். ஆளுங்கட்சிக்கு வேண்டியவர் என்பதற்காக ஒருவரை நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்தால் கடைசியில் அடி வாங்குவது சாதாரண குடிமகன்தான். கிருஷ்ணய்யர் விஷயத்தில் இந்தச் சந்தேகத்துக்கான பரீட்சை இரண்டே வருடத்தில் வந்தது.

1975 ஜூன் 24

அந்த மாதம் 12ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா ஒரு தீர்ப்பு சொன்னார். 1971 தேர்தலில் ரேபரேலி தொகுதியில் பிரதமர் இந்திரா காந்தி பெற்ற வெற்றி செல்லாது, தேர்தல் முறைகேடு செய்ததால் ஆறு வருடம் அவர் பதவி வகிக்கவும் தகுதியில்லை. வழக்குப் போட்டவர் தோற்ற வேட்பாளர் ராஜ் நாராயண். உச்ச நீதிமன்றத்துக்கு அப்போது கோடை விடுமுறை. விடுமுறைக்கால நீதிபதியாக உட்கார்ந்திருந்தவர் கிருஷ்ணய்யர் ஒருவர் மட்டும்.

மத்திய சட்ட அமைச்சர் எச்.ஆர். கோகலே அவரைச் சந்திக்க விரும்பித் தொலைபேசியில் கேட்டார். மேல்முறையீடு பற்றி என்றால் என்னைப் பார்க்கத் தேவையில்லை, பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார் கிருஷ்ணய்யர். பின்னாளில் அவரே சொன்ன செய்தி இது. கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் பிரதமருக்கும் கொத்தனாருக்கும் மனுப் போடும் ஜன்னல் ஒன்றே என்று ஒரு நீதிபதி நடந்துகாட்டிய இடம் அது.

இந்திராவுக்காக நானி பல்கிவாலாவும் ராஜ் நாராயணுக்காக சாந்தி பூஷணும் வாதாடினார்கள். கேட்டது முழுத் தடை. தடை உத்தரவு என்றால் மேல்முறையீடு முடியும் வரை கீழ்த் தீர்ப்பை அமல்படுத்தாமல் நிறுத்தி வைப்பது. கிருஷ்ணய்யர் 24ஆம் தேதி நிபந்தனையோடு தடை கொடுத்தார். இந்திரா பிரதமராகத் தொடரலாம், அந்த முறையில் நாடாளுமன்றத்தில் கலந்துகொண்டு பேசலாம். ஆனால் மக்களவை உறுப்பினர் என்ற முறையில் ஓட்டுப் போட முடியாது, உறுப்பினருக்கான சம்பளமும் வாங்க முடியாது. எந்த எம்.பி. தேர்தல் வழக்கில் தோற்று வந்தாலும் இதுபோன்ற நிபந்தனையோடு தடை கொடுப்பதே வழக்கம். பிரதமர் என்பதற்காக அதை அவர் மாற்றவில்லை.

மறுநாள் டெல்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் பேசிய மாபெரும் கூட்டம் நடந்தது. அன்று இரவே நெருக்கடி நிலை. பத்திரிகைத் தணிக்கை, எதிர்க்கட்சித் தலைவர்கள் கைது. இந்தியாவில் குடிமை உரிமைகள் என்றால் என்னவென்று ஒரு தலைமுறை பாடம் கற்றது அந்த ஏறக்குறைய இருபத்தொரு மாதங்களில்தான். 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நெருக்கடி காலத்தில் சட்டவிரோதமாக அடைக்கப்பட்டவர்கூட ஆட்கொணர்வு மனு, அதாவது அடைத்து வைத்தவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் சொல்லும் மனு, போட முடியாது என்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எதிர்த்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவரே. அந்த அமர்வில் கிருஷ்ணய்யர் இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஊகிப்பதில் பயனில்லை. 1977க்குப் பிறகு அவர் எழுதியதை வைத்துத்தான் அவரை எடைபோட முடியும். அதற்குப் போதுமான அளவுக்குமேல் எழுதியிருக்கிறார்.

சிறைச்சுவருக்குள் சட்டம் நுழைந்தது

ஒருவர் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனால் அவருடைய உரிமைகள் வாசலோடு நின்றுவிடுமா? பலரும் ஆம் என்றே நினைக்கிறார்கள். 'தப்பு செய்தவனுக்கு என்ன உரிமை' என்று டீக்கடையில் தொடங்கித் தொலைக்காட்சி விவாதம் வரை கேட்கலாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நீதிமன்றம் தண்டனையாகக் கொடுத்தது வெளியே நடமாடும் சுதந்திரத்தைப் பறிப்பதை மட்டும்தான். அடி, பட்டினி, அவமானம் எதுவும் தீர்ப்பில் எழுதப்படவில்லை. எழுதப்படாததைச் செய்ய எந்த வார்டருக்கும் அதிகாரம் இல்லை.

இந்த வாதம் உச்ச நீதிமன்றத்தில் நிலைபெற்றது சுனில் பத்ரா வழக்குகளில். பத்ரா திஹார் சிறையில் மரண தண்டனைக் கைதி. மேல்முறையீடு முடியும் முன்பே அவரைத் தனிமைச் சிறையில் அடைத்திருந்தார்கள். அதே சமயத்தில் சார்லஸ் சோப்ராஜ் என்ற பெயர் பெற்ற வெளிநாட்டுக் கைதிக்குக் காலில் இரும்புக் கம்பி விலங்கு பூட்டி, இரவு பகலாக அப்படியே வைத்திருந்தார்கள். 1978இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இரண்டையும் சேர்த்து விசாரித்துக் கைதிகள் பக்கம் நின்றது. கிருஷ்ணய்யர் தனியாக ஒரு நீண்ட தீர்ப்பு எழுதினார். மரண தண்டனை விதிக்கப்பட்டவர் என்பது வேறு, கடைசி மேல்முறையீடும் கருணை மனுவும் முடிந்து தூக்குக்குக் காத்திருப்பவர் என்பது வேறு, முதலாமவரைத் தனியே பூட்டி வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்றது நீதிமன்றம்.

அடுத்து நடந்ததுதான் இன்னும் முக்கியம். அதே பத்ரா சிறையிலிருந்து ஒரு நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். தனக்காக எழுதவில்லை. பக்கத்தில் இருந்த வேறொரு கைதியின் குடும்பத்திடமிருந்து பணம் பிடுங்குவதற்காக ஒரு வார்டர் அவரைக் கொடூரமாகச் சித்திரவதை செய்தார் என்று எழுதினார். முத்திரைத்தாள் இல்லை, வக்காலத்து இல்லை, பாதிக்கப்பட்டவர் கையெழுத்துகூட இல்லை. பழைய முறைப்படி பார்த்தால் குப்பைக்கூடைக்குப் போக வேண்டிய காகிதம். நீதிமன்றம் அதை ஆட்கொணர்வு மனுவாக ஏற்றது. வக்கீல்களை நியமித்துச் சிறைக்கு அனுப்பி, கைதியின் காயங்களையும் ஆவணங்களையும் பார்க்க வைத்தது. 1979 டிசம்பரில் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, சிறைக்குள் புகார்ப் பெட்டி வேண்டும், மாவட்ட நீதிபதிகள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் நடைமுறை உத்தரவுகள் போட்டது.

இன்று நாம் பொதுநல வழக்கு என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அது இப்படிக் கடிதங்களிலிருந்தும் தந்திகளிலிருந்தும் முளைத்தது. பாதிக்கப்பட்டவர்தான் வழக்குப் போட வேண்டும் என்பது பழைய விதி. நீதிமன்ற வாசலுக்கு வரவே முடியாதவருக்காக அக்கறையுள்ள இன்னொருவர் வரலாம் என்று கதவைத் திறந்தவர்களில் முன்வரிசையில் இருந்தவர்கள் கிருஷ்ணய்யரும் பி.என். பகவதியும். பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தவர்களை வெளியே கொண்டுவந்த ஹுசைனாரா காத்தூன் வழக்கு பகவதியுடையது.

கைவிலங்கு வழக்கும் ஒரு தந்தியில் தொடங்கியதுதான். பிரேம் சங்கர் சுக்லா என்ற விசாரணைக் கைதியை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போகும்போதும் வரும்போதும் விலங்கு மாட்டினார்கள். அப்போதைய போலீஸ் விதி ஒன்றைப் பாருங்கள்: படிப்பு, வசதி, சமூக அந்தஸ்து உள்ள 'மேல் வகுப்பு' கைதிக்குத் தேவைப்பட்டால் மட்டும் விலங்கு, மற்றவர்களுக்கு வழக்கமாகவே விலங்கு. பணக்காரக் கைதியைவிட ஏழைக் கைதி ஓடுவதற்கு அதிக வாய்ப்பு உண்டு என்று எந்த அடிப்படையில் முடிவு செய்தீர்கள் என்று 1980இல் கிருஷ்ணய்யர் கேட்டார். அந்தப் பாகுபாடு அரசியலமைப்பின் சமத்துவத்துக்கு எதிரானது என்று ரத்து செய்தார். தப்பி ஓடுவார் என்பதற்குத் திட்டவட்டமான காரணம் இருந்து, அதை எழுதி வைத்து, மாஜிஸ்திரேட்டிடம் காட்டினால் ஒழிய விலங்கு கூடாது.

தீர்ப்பின் நகல் பற்றிய வழக்கு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் இருப்பது வெறும் ஒரு காகிதம். ஹோஸ்கோட் என்பவருக்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் மூன்று வருடம் தண்டனை கொடுத்தது. அவர் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தபோது நான்கு வருடம் தாமதமாகியிருந்தது. ஏன் என்று பார்த்தால், தீர்ப்பின் நகல் அவர் கைக்கே வந்து சேரவில்லை. நகல் இல்லாமல் மேல்முறையீடு போட முடியாது. மேல்முறையீட்டு உரிமை சட்டப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது, கைதி கம்பிக்குப் பின்னால் இருக்கிறார், நடுவே ஒரு காகிதம் எங்கோ தேங்கிக் கிடக்கிறது. அவருடைய மனு தள்ளுபடியானது, அது வேறு. ஆனால் 1978இல் அந்தத் தீர்ப்பிலேயே, சிறைத் தண்டனை பெற்ற ஒவ்வொருவருக்கும் தீர்ப்பின் நகலை இலவசமாக, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும், வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் தர வேண்டும் என்று உத்தரவு போட்டார் கிருஷ்ணய்யர். இதற்கு அவர் காட்டிய அடிப்படை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவு. நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமானதாக இருக்க வேண்டும் என்பது மேனகா காந்தி வழக்கில் அதே ஆண்டு நிலைபெற்ற விளக்கம்.

சிறைக்கு வெளியே

குடிமை உரிமை என்பது கைதிகளோடு முடிகிற விஷயம் இல்லை. சி.பி. முத்தம்மா இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்தப் பணியின் விதிப்படி பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு இப்படி எதுவும் இல்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு அவசரமாகப் பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது. அதனால் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. ஆனால் 1979 தீர்ப்பில் கிருஷ்ணய்யர் அரசை விடவில்லை. கல்யாணமான பெண்ணுக்குக் குடும்பக் கவலை இடைஞ்சல் என்றால் கல்யாணமான ஆணுக்கும் அப்படித்தானே என்று கேட்டு, இந்த விதிகளை எல்லாம் திருத்தச் சொன்னார்.

மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்ற ஊர். ஒரு தெருவில் திறந்த சாக்கடை, ஆலைக் கழிவுநீர், கழிப்பறை இல்லாததால் தெருவோரமே கழிப்பிடம், கொசு. குடியிருந்தவர்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள், அவர் சாக்கடை கட்டச் சொன்னார். நகராட்சியோ பணமில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கை இழுத்தது. 1980இல் கிருஷ்ணய்யரின் பதில் இதுதான்: மனிதர் கௌரவமாக வாழத் தேவையானதைச் செய்வது நகராட்சியின் சட்டக் கடமை, கஜானா காலி என்பது அதற்குச் சாக்கு ஆகாது. சாக்கடைக்கும் அரசியலமைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பைத் தேடிப் படிக்கலாம். அதே வருடம் இன்னொரு வழக்கில், கடனைக் கட்ட வழியில்லாதவரை அந்த ஒரு காரணத்துக்காகவே சிவில் சிறையில் போட முடியாது, வசதி இருந்தும் ஏமாற்றுபவரை மட்டுமே போடலாம் என்றார்.

எல்லாவற்றிலும் அவர் பக்கமே காற்று அடித்தது என்று சொல்ல முடியாது. மரண தண்டனையை அவர் கடுமையாக எதிர்த்தார். 1979இல் ராஜேந்திர பிரசாத் வழக்கில் அதை மிகக் குறுகிய எல்லைக்குள் கொண்டுவரப் பார்த்தார். அடுத்த வருடமே பச்சன் சிங் வழக்கில் பெரிய அமர்வு அதை ஏற்காமல், 'அரிதினும் அரிதான வழக்குகளில்' மரண தண்டனை விதிக்கலாம் என்ற இன்றைய நிலைக்கு வந்தது. அவருடைய ஆங்கில நடையும் எளிதானது இல்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய பத்திகள் ஏராளம். யாருக்காக எழுதினாரோ அவர்களால் படிக்கவே முடியாத மொழி அது என்ற குறை எனக்கும் உண்டு. தமிழில் அவருடைய முக்கியத் தீர்ப்புகளை எளிமையாக எழுதி வைக்கும் வேலையை யாராவது செய்ய வேண்டும்.

இலவச வக்கீல் என்ற ஏற்பாடு

உச்ச நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே சட்ட உதவி பற்றி ஆராய்ந்த மத்திய அரசுக் குழு ஒன்றுக்கு அவர் தலைவராக இருந்து 1973இல் அறிக்கை கொடுத்தார். பிறகு பகவதியோடு சேர்ந்து 1977இல் இன்னொன்று. இடையில், நெருக்கடி காலத்தில் வந்த 42ஆவது திருத்தத்தில் 39ஏ என்ற பிரிவு சேர்ந்தது: பணமில்லை என்ற காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அதற்காக அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும். உரிமைகளை வெட்டிய அதே திருத்தத்தின் உள்ளே இப்படி ஒரு பிரிவும் இருந்தது. 1987இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் நிறைவேறி, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது.

அந்த 1987இல் அவர் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார். பெண் கைதிகளின் நிலை பற்றிய தேசிய நிபுணர் குழுவுக்குத் தலைமை ஏற்று அறிக்கை கொடுத்ததும் அந்தச் சமயத்தில்தான். ஓய்வுக்குப் பிறகு கொச்சியில் 'சத்கமயா' என்ற வீட்டில் இருந்துகொண்டு எழுதினார், பேசினார், மனு அனுப்பினார். குஜராத்தில் 2002இல் நடந்த வன்முறையைப் பற்றி விசாரித்த மக்கள் தீர்ப்பாயத்துக்குத் தலைமை தாங்கினார். 2014 டிசம்பர் 4 அன்று, 99 வயதில் காலமானார்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு தொடர்ச்சி உண்டு. 1980இல், ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்பு, மாரு ராம் வழக்கில் அவர் எழுதியது: தண்டனையைக் குறைக்கவும் மன்னிக்கவும் ஆளுநருக்கு உள்ள அதிகாரம் அவருடைய சொந்த அதிகாரம் அல்ல, அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அதைப் பயன்படுத்த வேண்டும். பேரறிவாளனை விடுதலை செய்யத் தமிழ்நாடு அமைச்சரவை 2018இல் பரிந்துரைத்தது. ஆளுநர் முடிவெடுக்காமல் வைத்திருந்து, பிறகு குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுதலை செய்தபோது துணைக்கு எடுத்துக்கொண்ட பழைய தீர்ப்புகளில் மாரு ராமும் ஒன்று.

ஜாமீன் விஷயத்தில் இன்றைய நிலை வருத்தம் தருவதுதான். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள். ஜாமீன் உத்தரவு கைக்கு வந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்களும் அவர்களில் உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர், தன் மேல் சாட்டப்பட்ட குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் ஜாமீனில் விடச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது கிடையாது. வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது.

இதைப் படிக்கும் உங்களுக்கோ தெரிந்தவருக்கோ வக்கீல் தேவைப்பட்டால், ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது, தாலுகா அளவிலும் குழு உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமான உச்சவரம்பு உண்டு, அதற்கான சான்றை எடுத்துப் போங்கள். யாராவது கைதாகியிருந்தால் ரிமாண்டுக்கு ஆஜர்படுத்தும் முதல் நாளிலேயே, மாஜிஸ்திரேட் முன்பே, எனக்குச் சட்ட உதவி வக்கீல் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.